100 போதுமா, 300 வேண்டுமா? கொழும்பு வீடுகளுக்கான ஃபைபர் வழிகாட்டி

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இந்தப் பந்தியோடு போய்விடலாம். நான்கைந்து பேர் இருக்கிற வீட்டுக்கு 100 மெகாபிட் ஃபைபர் தாராளம். 50 கொடுத்தாலும் பெரும்பாலான வீடுகளில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். 300, 500, 1 ஜிகாபிட் என்று விற்கிற பெக்கேஜ்கள் பொய் என்று சொல்லவில்லை, கம்பியில் அந்த வேகம் வரத்தான் செய்கிறது. ஆனால் பின்னறையில் யூடியூப் சுற்றிக்கொண்டே நிற்பதற்கும், பிள்ளையின் ஸூம் வகுப்பில் மிஸ்ஸின் முகம் அப்படியே உறைந்துபோவதற்கும், 20ஆம் தேதியே டேட்டா தீர்ந்துபோவதற்கும் அந்த எண் மருந்து இல்லை. மருந்து வேறு இடங்களில் இருக்கிறது, அநேகமாக மலிவாகவும் இருக்கிறது.

கீழே சொல்வதை அதே வரிசையில் செய்து பாருங்கள். பெக்கேஜ் மாற்றுவது கடைசியில்தான் வரும். எல்லாரும் அதைத்தான் முதலில் செய்கிறார்கள், அப்புறம் மாதா மாதம் கூடுதல் காசு கட்டிக்கொண்டு அதே பின்னறையில் அதே வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

படி 1: வீட்டுக்குள் வருவது என்ன கம்பி?

ஃபைபர் என்றால் தூணிலிருந்து மெல்லிய கறுப்புக் கேபிள் ஒன்று வந்து, சுவரில் ஒரு சிறு பெட்டியில் முடிந்து, அங்கிருந்து பச்சை முனை வைத்த இன்னும் மெல்லிய வயர் ஒன்று ரவுட்டருக்குப் போகும். பழைய டெலிபோன் கம்பி, அதாவது செம்பு, இன்னும் சில ஒழுங்கைகளில் இருக்கிறது. அதில் ஓடுகிற ஏடிஎஸ்எல் 2 பிளஸ் தொழில்நுட்பத்தின் உச்சமே 24 மெகாபிட்தான், அதுவும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தால். வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை மாதிரிக் கடலோரத்தில் உப்புக் காற்று பட்டுப்பட்டு இணைப்பு முனைகள் பூத்துப்போயிருக்கும், ஒரு மழை பெய்தால் லைன் இரையும். நீங்கள் இன்னும் செம்பில் இருந்தால் இந்தக் கட்டுரையின் வாதம் உங்களுக்குப் பொருந்தாது. வேகம் தேவையோ இல்லையோ, ஃபைபருக்கு மாறிவிடுங்கள். கண்ணாடி இழைக்கு ஈரமும் துருவும் ஒரு பொருட்டில்லை, இடி மின்னலில் கம்பி வழியே ரவுட்டர் எரிந்துபோகிற பயமும் இல்லை.

4ஜி, 5ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்கள் நிலை நடுவில். பகலில் நன்றாக ஓடும், இரவு எட்டு மணிக்கு முழு ஒழுங்கையும் ஒரே கோபுரத்தில் தொங்கும்போது படுத்துவிடும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்கும் அது சரி. நிரந்தரமாக ஓரிடத்தில் இருந்தால் ஃபைபர்தான். ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்துவிட்டது என்றாலும், தூணில் ஃபைபர் தொங்கிக்கொண்டிருக்கிற கொழும்பில் மொட்டை மாடியில் தட்டு வைப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. அது தோட்டப் பக்கத்துக்கும் கம்பி போகாத ஊர்களுக்கும் உரியது.

படி 2: ஒரு தாளை எடுத்து இரவு எட்டு மணியை எழுதுங்கள்

வீட்டில் எல்லாரும் இருக்கிற நேரம் அது. யார் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று எழுதி, பக்கத்தில் எண் போடுங்கள்.

நெட்ஃபிளிக்ஸ் தன் 4கே படத்துக்குக் கேட்பது 15 மெகாபிட். சாதாரண முழு எச்டிக்கு 5 போதும் என்கிறது. யூடியூப் 4கேக்கு 20 வைத்துக்கொள்ளுங்கள், 1080க்கு 5. ஸூமில் ஒரு குழு வகுப்பு 720 தரத்தில் 2இலிருந்து 3க்குள் அடங்கிவிடும். டொரொண்டோவில் இருக்கிற அக்காவோடு வாட்ஸப் வீடியோவில் அம்மா ஒரு மணித்தியாலம் கதைத்தாலும் அது ஒன்றிரண்டு மெகாபிட்டைத் தாண்டாது. ஒன்லைன் விளையாட்டு எல்லாரும் நினைப்பதற்கு மாறாக 1 மெகாபிட்டைக்கூட ஒழுங்காகத் தின்னாது, அதற்கு வேண்டியது வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, கூட்டுவோம். ஹோலில் அப்பா 4கே படம், 15. இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு ஃபோனில் யூடியூப், 10. ஒருவருக்கு ரியூசன் ஸூம், 3. அம்மாவின் வாட்ஸப், 2. தம்பியின் கேம், 1. யாரோ பேஸ்புக் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள், அதற்கு ஒரு 4 வைப்போம். மொத்தம் 35. இது ஒரு வீடு உச்சத்தில் இருக்கிற கணக்கு. எல்லாரும் ஒரே செக்கனில் உச்சத்தைத் தொடுவதும் இல்லை, ஏனென்றால் வீடியோ என்பது கொஞ்சம் இழுத்துச் சேர்த்து வைத்துவிட்டு ஓய்வெடுத்து மறுபடி இழுக்கிற சாமான். 100இல் மூன்றில் இரண்டு பங்கு சும்மா கிடக்கிறது. 300 எடுத்தால் அந்தச் சும்மா கிடக்கிற பங்குதான் பெருகும்.

இணையப் பக்கம் திறக்கிற வேகம் கூடாதா என்று கேட்பார்கள். 2010இலேயே கூகிளில் இருந்த மைக் பெல்ஷி இதை அளந்து காட்டினார்: 5 மெகாபிட்டுக்கு மேல் போனால் லைனின் வேகத்தைக் கூட்டக் கூட்டப் பக்கம் திறக்கிற நேரத்தில் கிடைக்கிற இலாபம் மிகச் சின்னது, போய் வருகிற தாமதத்தைக் குறைத்தால்தான் பலன். இன்றைய பக்கங்கள் அப்போதைவிடப் பல மடங்கு கனம், அந்த 5 இப்போது கூடியிருக்கும், ஆனால் அந்தப் போக்கு மாறவில்லை.

ஒரு சின்னக் குறிப்பு, இதில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். பெக்கேஜில் எழுதியிருப்பது மெகாபிட், ஃபைல் இறங்கும்போது கம்ப்யூட்டர் காட்டுவது மெகாபைட். எட்டால் வகுக்க வேண்டும். 100 மெகாபிட் லைனில் செக்கனுக்கு 12 மெகாபைட் இறங்கினால் ஒரு குறையும் இல்லை, கம்பனிக்கு அழைத்துச் சண்டை பிடிக்க வேண்டாம்.

படி 3: மூன்று இடத்தில் அளக்க வேண்டும்

ஒரு மடிக்கணினி, ஒரு நெட்வர்க் கேபிள், ஒரு ஃபோன். இவ்வளவுதான் வேண்டும்.

முதலில் மடிக்கணினியைக் கேபிளால் ரவுட்டரில் நேராகச் செருகி, வைஃபையை அணைத்துவிட்டு வேகத்தைப் பாருங்கள். இதுதான் கம்பனி உங்களுக்குத் தருகிற வேகம். அடுத்தது, ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று ஃபோனில் வைஃபையில் பாருங்கள். மூன்றாவது, புகார் வருகிற அறை எதுவோ அந்த அறையில், அந்தப் பிள்ளை வழமையாகப் படுத்திருக்கிற அதே கட்டிலில் வைத்துப் பாருங்கள். காலையில் ஒருமுறை, இரவு எட்டு எட்டரைக்கு ஒருமுறை.

எண்களைப் படிப்பது இப்படி. கேபிளில் 95, பக்கத்தில் 90, கட்டிலில் 8 என்றால் உங்கள் பிரச்சினை முழுக்க முழுக்க வீட்டுக்குள். 300க்கு மாறினாலும் கட்டிலில் 8தான் வரும். காலி வீதியை எட்டு வழிப் பாதையாக்கினாலும் உங்கள் ஒழுங்கைக்குள் ஒரு த்ரீவீல்தான் போகும் என்றால் வீட்டுக்கு வந்து சேருகிற நேரம் மாறாது. கேபிளிலேயே காலையில் 95, இரவில் 30 என்றால் அது கம்பனியின் பிரச்சினை, இரண்டு மூன்று இரவு அளந்து ஸ்கிரீன்ஷொட்டோடு முறைப்பாடு கொடுங்கள். ஃபைபர் ஒன்றும் உங்களுக்கு மட்டும் என்று இழுத்த இழை இல்லை. இங்கே பரவலாக இருக்கிற ஜிபொன் முறையில் எக்ஸ்சேஞ்சிலிருந்து வருகிற ஓர் இழையை வழியில் பிரித்து 32 அல்லது 64 வீடுகளுக்குக் கொடுக்கலாம், எல்லாருக்கும் சேர்த்து இறக்கத்துக்கு (டவுன்லோட்) ஏறத்தாழ 2.5 ஜிகாபிட், ஏற்றத்துக்கு (அப்லோட்) 1.25 ஜிகாபிட். சாதாரணமாக அது தாராளமாகப் போதும், அதற்கு மேலே கம்பனியின் சொந்த வழிகள் நெரிந்தால்தான் இரவில் இழுபடும்.

இன்னொன்று. 300 எடுத்திருக்கிறீர்கள், கேபிளில் எத்தனை தடவை அளந்தாலும் 94 பக்கத்திலேயே நிற்கிறது என்றால் கம்பனியைத் திட்டுவதற்கு முதல் கேபிளைப் பாருங்கள். எங்கோ ஒரு 100 மெகாபிட் போர்ட் இருக்கிறது, அல்லது கேபிளுக்குள் இருக்கிற எட்டுக் கம்பியில் ஒன்று செத்துவிட்டது. நான்கு கம்பி மட்டும் உயிரோடு இருந்தாலும் இணைப்பு வேலை செய்யும், 100க்கு இறங்கிவிடும், ஒரு சத்தமும் போடாது. நிறைய ஸ்மார்ட் டிவிகளின் பின்னால் இருக்கிற நெட்வர்க் போர்ட்டும் 100தான். பல இலட்சம் கொடுத்து வாங்கிய டிவிக்கும் இதே கதை. டிவி செய்தவனுக்குத் தெரியும், எந்தப் படமும் 100 கேட்காது என்று.

ஃபோனில் வருகிற வேகச் சோதனை அநேகமாகக் கொழும்பிலேயே இருக்கிற சேர்வரைத் தேர்ந்தெடுக்கும், சில நேரம் அது உங்கள் கம்பனியின் சொந்தச் சேர்வராகவே இருக்கும். அதில் எண் அழகாகத்தான் வரும். சேர்வரை மாற்றிச் சிங்கப்பூருக்கும் மும்பைக்கும் ஒருமுறை அளந்து பாருங்கள். ஃபாஸ்ட்.காம் தளம் நெட்ஃபிளிக்ஸின் சேர்வரோடு அளப்பது, படம் பார்ப்பவர்களுக்கு அதுதான் நேர்மையான அளவு.

படி 4: வைஃபை, உண்மையான வில்லன்

இந்தப் படிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள்.

லைன் போட வருகிற தம்பிமார் அவசரத்தில் இருப்பார்கள், அன்றைக்கு இன்னும் பல வீடு இருக்கும். கேபிள் எந்தச் சுவரால் உள்ளே வருகிறதோ அந்த மூலையிலேயே ரவுட்டரை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வாசல் பக்கத்து மூலை, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில். அதன் பாதி அலை வீதியில் போகிறவனுக்கு. அப்புறம் வீட்டு அம்மா, "தம்பி, இந்த வயரெல்லாம் தெரியுது, இதை டிவி அலுமாரிக்குள்ள வையுங்கோ, வடிவா இருக்கும்" என்பார். மரக்கதவு, அதற்கு உள்ளே டிவியின் உலோக முதுகு, மேலே நிலைக்கண்ணாடி. கண்ணாடியின் பின்னால் பூசியிருப்பது உலோகம், அலை அதில் பட்டுத் திரும்பிவிடும். மீன் தொட்டி இருந்தால் அதுவும் அலையைக் குடிக்கும்.

இரண்டு அலைவரிசைகளைப் பற்றித் தெரிந்துகொண்டால் போதும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவர் தாண்டும், ஆனால் மெதுவானது. ஒற்றை அன்டெனா வைத்த பழைய ஃபோனில் அதன் உச்சக் கணக்கே 72 மெகாபிட், கையில் கிடைப்பது அதில் பாதி. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, 400, 500 எல்லாம் பக்கத்தில் நின்றால் சாதாரணம், ஆனால் ஒரு கொங்கிரீட் சுவருக்குப் பிறகு தளர்ந்துவிடும், இரண்டாவது சுவரில் படுத்துவிடும். பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிற பழைய தடிச் சுவர் வீடுகளில் இது மோசம், புதிய தொடர்மாடிகளில் கம்பி வைத்த கொங்கிரீட் என்பதால் அங்கேயும் மோசம்.

தொடர்மாடியில் இன்னொரு தலையிடி. வெள்ளவத்தையில் ஏதாவது ஒரு தொடர்மாடியின் நடு மாடியில் நின்று ஃபோனில் வைஃபைப் பட்டியலைத் திறந்து பாருங்கள், மேலிருந்து கீழாகத் தள்ளத் தள்ள முடியாது, மேல் வீட்டார், கீழ் வீட்டார், பக்கத்துக் கட்டடத்தார், கீழே இருக்கிற கடை, எல்லாரும் வருவார்கள். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் மூன்றே மூன்றுதான்: 1, 6, 11. அத்தனை வீடும் அந்த மூன்றுக்குள். உங்கள் ரவுட்டர் பேச வாயெடுக்கும்போது பக்கத்து வீட்டு ரவுட்டர் பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும். இதில் நீங்கள் ஜிகாபிட் எடுத்து என்ன செய்ய?

செய்ய வேண்டியது:

ரவுட்டரை வீட்டின் நடுவுக்கு, நெஞ்சு உயரத்துக்கு, திறந்த இடத்துக்குக் கொண்டுவாருங்கள். சுவர்ப் பெட்டியிலிருந்து ரவுட்டர் வரை வருகிற ஃபைபர் வயரை நீளமானதாக மாற்றலாம், விலை பெரிதில்லை. ஆனால் அதைக் கதவு இடுக்கில் நெரிக்கவோ, மூலையில் சுருக்காக மடிக்கவோ கூடாது, உள்ளே ஓடுவது வெளிச்சம், மடித்த இடத்தில் ஒழுகிவிடும்.

ரவுட்டரின் உள்பக்கத்துக்கு, அதாவது பிரவுசரில் திறக்கிற அதன் அமைப்புப் பக்கத்துக்குப் போய், 2.4க்கும் 5க்கும் வேறு வேறு பெயர் கொடுங்கள். டிவி, மடிக்கணினி, நல்ல ஃபோன் எல்லாம் 5க்கு. பழைய ஃபோன், கேமரா, ஸ்மார்ட் பல்ப் 2.4க்கு. 2.4இன் சனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள், 40 போட்டால் வேகம் கூடும் என்று எங்காவது எழுதியிருக்கும், தொடர்மாடியில் அது அயலவரோடு சண்டைக்குப் போவதற்குச் சமம். சனலை 1, 6, 11இல் எது கொஞ்சம் காலியோ அதற்கு மாற்றுங்கள். அசையாமல் ஓரிடத்தில் இருக்கிற எதையும், முக்கியமாக டிவியையும் மேசைக் கம்ப்யூட்டரையும், முடிந்தால் கேபிளுக்கு மாற்றிவிடுங்கள். ஒரு டிவி வைஃபையை விட்டு இறங்கினால் மற்ற எல்லாருக்கும் மூச்சு வரும்.

இதற்குப் பிறகும் பின்னறை இருட்டாக இருந்தால் ஓர் அக்சஸ் பொயின்ட், அதாவது அந்த அறைக்கென்று வைஃபை அலை பரப்புகிற பெட்டி, வாங்க வேண்டும். கம்ப்யூட்டர் கடைகள் இருக்கிற யூனிட்டி பிளாசாவில் இதைக் கேட்டால் முதலில் ஒரு சின்ன ரிப்பீட்டரை எடுத்து நீட்டுவார்கள், சுவர் பிளக்கில் செருகுவது. ஒரே அலைவரிசையில் கேட்டு, அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்கிற ரகம் என்றால் வேகம் பாதியாகும். அதைவிட, கேட் 6 கேபிள் ஒன்றை முன்னிருந்து பின்னறை வரை இழுத்து, அதன் நுனியில் ஒரு சாதாரண இரட்டை அலைவரிசை அக்சஸ் பொயின்ட் மாட்டுங்கள். வயர் அடிப்பது வடிவில்லை என்று வீட்டில் முணுமுணுப்பார்கள், ஒரு கிழமையில் அடங்கிவிடும். மெஷ் செட், அதாவது ஒன்றாகச் சேர்ந்து ஒரே வைஃபையாக வேலை செய்கிற பெட்டிகள், வாங்குவதென்றாலும் அவற்றுக்கு நடுவில் கேபிள் கொடுங்கள். இந்தச் செலவு ஒரே தடவை, 300 பெக்கேஜின் வித்தியாசம் மாதா மாதம். எது இலாபம் என்பதை நீங்களே கணக்குப் போடுங்கள்.

படி 5: மேலே போகிற வேகம்

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது இறக்க வேகம். ஏற்ற வேகம் கீழே சின்ன எழுத்தில், அல்லது எழுதவே இல்லை. வீட்டில் இருந்து வேலை செய்கிறவர்களுக்கும், ஒன்லைனில் வகுப்பு எடுக்கிற ஆசிரியர்களுக்கும், வீட்டைச் சுற்றி நாலு கேமரா வைத்திருக்கிறவர்களுக்கும் இதுதான் முக்கியம். 1080 தரத்தில் ஒரு கேமரா தொடர்ந்து இணையத்துக்கு அனுப்பினால் 2இலிருந்து 4 மெகாபிட் வரை எடுக்கும், நாலு கேமரா என்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஸூம் உறைவதற்குப் பெரிய காரணம் ஒன்று இங்கேதான் ஒளிந்திருக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்வந்த அப்பாவின் ஃபோன் வீட்டு வைஃபையைக் கண்டதும் ஐந்நூறு படத்தையும் வீடியோவையும் கூகிளுக்கு ஏற்றத் தொடங்கும். ஏற்றப் பாதை நிரம்பியதும் ரவுட்டருக்குள் வரிசை நீளும், 10 மில்லி செக்கனில் போய்வந்த தரவுப் பொதி அரைச் செக்கன் எடுக்கும், அதே நேரம் மகளின் ஏ.எல். வகுப்பு தடுமாறும். வேகச் சோதனை செய்து பார்த்தால் இறக்கம் 90 காட்டும், எல்லாரும் குழம்புவார்கள். ஃபாஸ்ட்.காமில் கூடுதல் விபரத்தைத் திறந்தால் சும்மா இருக்கும்போது தாமதம், சுமை இருக்கும்போது தாமதம் என்று இரண்டு எண் வரும். இரண்டாவது முதலாவதைப் போல பல மடங்கு என்றால் நோய் இதுதான்.

மருந்து: படம் ஏற்றுவதை இரவில் மட்டும் என்று மாற்றுங்கள். ரவுட்டரில் முன்னுரிமை அமைப்பு இருந்தால் ஏற்றத்தை உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்து, 90 சதவீதம் போல, கட்டிப்போடுங்கள். கம்பனி தருகிற ரவுட்டரில் இந்த வசதி அநேகமாக இருக்காது, அப்போது நல்லதாக ஒரு ரவுட்டர் தனியே வாங்குவது பற்றி யோசிக்கலாம்.

படி 6: கோட்டா

இலங்கையில் வேகத்தைவிட இதுதான் காசைத் தின்னும். நம் ஊரில் மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று எண்ணி விற்கிற வழக்கம் இன்னும் போகவில்லை, அளவில்லாதது என்று விற்பதிலும் ஓர் எல்லைக்குப் பிறகு வேகத்தைக் குறைக்கிற விதி ஒன்று ஒட்டியிருக்கும். 300 மெகாபிட் லைனை முழு வேகத்தில் விட்டால் 100 ஜிபி முக்கால் மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். வேகம் கூடினால் யூடியூப் தானாகவே தரத்தைக் கூட்டிக்கொள்ளும், ஆறங்குல ஃபோன் திரையில் யாருக்கும் தெரியாத வித்தியாசத்துக்காக. நெட்ஃபிளிக்ஸ் கணக்கில் எச்டி மணித்தியாலத்துக்கு 3 ஜிபி வரை, 4கே 7 ஜிபி வரை. தினமும் இரண்டு மணித்தியாலம் பார்க்கிற வீடு 4கேயில் மாதம் 420 ஜிபி, எச்டியில் 180 ஜிபி.

ஆகவே ஃபோன்களில் யூடியூப் தரத்தை 720க்கு இறக்குங்கள், 4கேயை ஹோல் டிவிக்கு மட்டும் விடுங்கள். கம்பனியின் செயலியில் கடந்த மூன்று மாதப் பாவனையைப் பாருங்கள். கையில் கொஞ்சம் காசு கூட இருந்தால் வேகத்துக்குக் கொடுக்காமல் கோட்டாவுக்குக் கொடுங்கள். இரவு நேரத்துக்கு என்று தனி டேட்டா இருக்கிற பெக்கேஜ் என்றால் கேம் அப்டேட், விண்டோஸ் அப்டேட் எல்லாவற்றையும் நள்ளிரவுக்குத் தள்ளிவிடலாம்.

கேம் ஆடுகிறவர்களுக்கு

தம்பிமாரே, உங்களுக்கு வேண்டியது குறைந்த பிங், அதாவது சேர்வருக்குப் போய்வருகிற தாமதம் குறைவது. அதை எந்தப் பெக்கேஜும் வாங்கித் தராது. கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் 2,700 கிலோமீற்றருக்கு மேல், போய்வர 27 மில்லி செக்கனை இயற்கையே எடுத்துக்கொள்ளும், கேபிள் வளைந்து போகிற தூரமும் வழியில் நிற்கிற இயந்திரங்களும் அதற்கு மேல். இலண்டன் என்றால் ஆரம்பமே 87. லைன் 100 என்றாலும் 1000 என்றாலும் இதே கணக்குத்தான். 2025 செப்டெம்பரில் ஜெத்தாவுக்குப் பக்கத்தில் செங்கடலில் சீ-மீ-வீ 4 உட்படச் சில கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே தாமதம் கூடியது, ஜிகாபிட் வைத்திருந்தவனுக்கும் அதே அடிதான். கேபிளில் செருகுங்கள், பக்கத்துச் சேர்வரைத் தேர்ந்தெடுங்கள், மற்றவர் படம் ஏற்றுவதை நிறுத்துங்கள்.

ஆனால் கேம் இறக்குவது வேறு விஷயம். 100 ஜிபி கேம் 100 மெகாபிட்டில் இரண்டேகால் மணித்தியாலம், 300இல் முக்கால், ஜிகாபிட்டில் கால் மணித்தியாலத்துக்கும் குறைவு. மாதம் ஒருமுறை இறக்குவதற்காக மாதம் முழுக்கக் காசு கட்டுவதா என்பது உங்கள் பொக்கெட்டின் பாடு.

யாருக்கு உண்மையிலேயே வேண்டும்?

இருக்கிறார்கள், மறைக்கக் கூடாது. கல்யாண வீடியோ எடுத்து வெட்டி ஒட்டி வாடிக்கையாளருக்கு அனுப்புகிறவர்: 10 ஜிபி ஃபைலை ஏற்ற 20 மெகாபிட்டில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல், 100இல் கால் மணித்தியாலம். நாளுக்கு இரண்டு மூன்று அனுப்பினால் அது தொழில் நேரம். ஆனால் அவருக்கு வேண்டியது ஏற்ற வேகம், அதைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். மேல் மாடியைப் பிள்ளைகளுக்குப் போர்டிங்காக விட்டிருக்கிற வீடு: பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே லைனில் என்றால் 300 நியாயம். சேர்வர், பெரிய தரவு என்று கம்பனி வேலையை வீட்டிலிருந்து செய்கிற ஐடி ஆள்: கம்பனி காசு கொடுத்தால் ஜிகாபிட்டே எடுக்கட்டும், ஆனால் மேசை வரை கேபிள் இழுத்துவிட்டு. இவர்களைத் தவிர்த்தால், 100க்கும் 300க்கும் விலை வித்தியாசம் ஒரு சாப்பாட்டுப் பார்சல் அளவுதான் என்றால் எடுங்கள், பாதகமில்லை.

கரண்ட் போனால்

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இப்போது அவ்வளவு இல்லை என்றாலும் போகத்தான் செய்கிறது. ஃபைபரின் நல்ல குணம், எக்ஸ்சேஞ்சுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் இழையைப் பிரிக்கிற பெட்டிக்குக் கரண்ட் தேவையில்லை. எக்ஸ்சேஞ்சில் ஜெனரேட்டர் இருக்கும். மிச்சம் உங்கள் ரவுட்டர் மட்டும்தான், அதற்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று போதும், உள்ளங்கை அளவு, சில மணித்தியாலம் தாங்கும். வாங்கும்போது ரவுட்டரின் அடப்டரில் எழுதியிருக்கிற வோல்ட்டையும் அம்பியரையும் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள், 12 வோல்ட் 1 அம்பியரும் 2 அம்பியரும் ஒன்றில்லை. ஒரு வீட்டின் இணையத்தை நல்லதாக்க நூறு ரூபாயில் எதையாவது வாங்கு என்றால் முடியாது, ஆனால் சில ஆயிரத்துக்குள் என்றால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

கடைசிப் படி: வீட்டாருக்குச் சொல்லாமல் ஒரு சோதனை

இவ்வளவும் செய்தபிறகும் வேகம் போதாது என்று மனது சொன்னால், ரவுட்டரில் மொத்த வேகத்தை 50க்குக் கட்டுப்படுத்திவிட்டு ஒரு கிழமை சும்மா இருங்கள். யாரிடமும் மூச்சு விட வேண்டாம். ஒருவரும் வாய் திறக்கவில்லை என்றால் கையில் இருக்கிற பெக்கேஜே அதிகம், கம்பனிக்கு அழைத்துக் கீழே இறக்க முடியுமா என்று கேளுங்கள். இரண்டாம் நாளே சத்தம் வந்தால் யார், என்ன செய்யும்போது என்று விசாரித்து, அந்த ஒரு வேலைக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பார்த்து எடுங்கள்.

அழைக்கும்போது கேட்க வேண்டியவை: ஏற்ற வேகம் எவ்வளவு, மாதக் கோட்டா எவ்வளவு, தீர்ந்தபின் வேகம் எதற்கு இறங்கும், 18 சதவீத வற் சேர்த்து மாத பில் எவ்வளவு, இடையில் விட்டுப் போனால் காசு கட்ட வேண்டுமா, தருகிற ரவுட்டர் இரட்டை அலைவரிசையா, அதன் போர்ட்டுகள் ஜிகாபிட்டா. வெளியிலிருந்து கேமரா பார்க்கிறவர்கள் பொது ஐபி முகவரி, அதாவது வெளியிலிருந்து உங்கள் ரவுட்டரை நேராக அடையக்கூடிய முகவரி, கிடைக்குமா என்றும் கேளுங்கள். அழகாகப் பேசுகிற விற்பனைப் பிள்ளை ரவுட்டர் பற்றிய கேள்வியில் தடுமாறினால், தெரிந்த ஒருவரிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள், அவசரமில்லை.

லைன் போட வருகிற நாளில் வீட்டில் நில்லுங்கள். ரவுட்டர் எங்கே வர வேண்டும் என்று அவர்கள் ஏணியைச் சாய்ப்பதற்கு முதலே கையைக் காட்டுங்கள், வந்தபின் மாற்றச் சொன்னால் யாருக்கும் மனம் வராது. ஒரு தேத்தண்ணி கொடுங்கள், வேலை நிதானமாக நடக்கும். முடிந்ததும் ரவுட்டரின் உள்பக்கத்தில் ஒளி அளவைக் காட்டச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள்: மைனஸ் 20 பக்கம் என்றால் நல்ல லைன், மைனஸ் 27ஐ நெருங்கினால் எங்கோ மடிப்போ அழுக்கோ இருக்கிறது, அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் சரி செய்யச் சொல்லுங்கள். பின்னொரு நாள் சிவப்பு விளக்கு மின்னினால் ஒளி வந்து சேரவில்லை, அநேகமாக இழை எங்கோ அறுந்திருக்கிறது, அதற்கு ரவுட்டரை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, நேராக அழைத்து முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.